இரட்டைக்குழல் ரைஃபிள்: இரண்டு குழலும் இரண்டு திசையில் சுடுகிறது, ஆப்பைத் தொடலாமா?

#1 டார்வின் செல்வம்

வணக்கம். ஆஸ்திரேலியாவின் டார்வினில் இருக்கிறேன். வறண்ட பருவத்தில் ஆர்ன்ஹெம் லேண்ட் பக்கம் நீரெருமை வேட்டைக்குப் போகிற பழக்கம் உண்டு. இதுவரை போல்ட் ரைஃபிள்தான் (ஒற்றைக்குழல், ஒவ்வொரு சூட்டுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளுவது). இப்போது பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. விட்ட வகை .450/400, 3 அங்குலத் தோட்டா உறை, 26 அங்குலக் குழல், பாக்ஸ்லாக் (பூட்டு இயக்கம் பெட்டி போன்ற உடலுக்குள் அடங்கியது). முதல் உலகப் போருக்கு முந்தையது. குழலின் அடித்தட்டில் ‘கார்டைட் 60 - 400 மாக்ஸ்’ என்று பொறித்திருக்கிறது.

ஹார்னடி கம்பெனித் தோட்டா வாங்கி 50 கெஜத்தில் சுட்டேன். வலக்குழல் தனியாகப் பார்த்தால் நெருக்கமாக விழுகிறது. இடக்குழலும் அப்படியே. ஆனால் வலது வலப்பக்கம் போகிறது, இடது இடப்பக்கம் போகிறது. இரண்டு குண்டுத்துளைக் கூட்டத்தின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே நாலரை அங்குலம். இரண்டுமே குறிக்கு இரண்டு அங்குலம் மேலே.

உள்ளூர்ப் பட்டறைக்காரர் ஒருவர், “ரெகுலேஷன் (இரண்டு குழலும் ஒரே குறியில் அடிக்கும்படி செய்த அமைப்பு) போய்விட்டது, ஈயத்தை உருக்கி, குழல்களுக்கு நடுவே இருக்கும் ஆப்பைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும்” என்றார். கேட்ட தொகை ரைஃபிள் விலையில் கால்வாசி. செய்யலாமா?

#2 போல்ட் பிரியன்

விற்றுவிட்டு ஒரு .375 போல்ட் வாங்குங்க சார். ஒரே குழல், ஒரே பிரச்சினை.

#3 ஜோபர்க் ராஜன்

செல்வம் தம்பி, அந்தப் பட்டறைப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். உங்கள் ரைஃபிள் பழுதானதற்கான அறிகுறி எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. தோட்டா மெதுவாக ஓடுகிறது என்பதற்கான அறிகுறிதான் இருக்கிறது.

ஒவ்வொரு குழலும் தனித்தனியே நெருக்கமாகச் சுடுகிறது என்றால் குழல், வாய், முறுக்குப் பள்ளம் எல்லாம் நலம். வலது வலப்பக்கம், இடது இடப்பக்கம், இரண்டும் கொஞ்சம் மேலே என்பது வேகம் குறைந்த தோட்டாவின் பாடப்புத்தக அடையாளம். இதற்கு நேர்மாறாக வலக்குழல் இடப்பக்கமும் இடக்குழல் வலப்பக்கமும் அடித்து, இரண்டும் கீழே விழுந்தால் தோட்டா தேவைக்கு மேல் வேகமாக இருக்கிறது என்று பொருள்.

ஏன் இப்படி என்று புரிய, ஒரு இரட்டைக்குழல் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு குழலும் இணையாக ஒட்டப்பட்டவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வாய்ப்பக்கம் போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். ரைஃபிளைத் தாங்கியில் அசையாமல் வைத்து இரண்டு குழல் வழியாகவும் பாருங்கள். வலக்குழல் இலக்கின் இடப்பக்கத்தைக் காட்டும், இடக்குழல் வலப்பக்கத்தை. அந்தக் கோடுகள் ரைஃபிளுக்கு முன்னே சில கெஜத்திலேயே வெட்டிக்கொண்டு போய்விடும். குழல் வழியே பார்த்துப் பார்வைக்குறி சரிசெய்யும் போல்ட் பழக்கம் இங்கே உதவாது.

வலக்குழலைச் சுடும்போது உதை ரைஃபிளின் நடுக்கோட்டில் இல்லாமல் அதற்கு வலப்புறத்தில் விழுகிறது. அதனால் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் மேலும் வலமும் திரும்பத் தொடங்கிவிடும். இடக்குழலுக்கு மேலும் இடமும். இந்தத் திருப்பத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான் குழல்களை உள்நோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். உள்சாய்வும் வெளித்திருப்பமும் ஒன்றையொன்று சரிக்கட்டும்போது இரண்டு குண்டும் பக்கத்துப் பக்கத்தில் விழும்.

சரிக்கட்டும் அளவை எந்தப் படமும் சொல்லாது, சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாய்ப்பக்கம் இரண்டு குழலுக்கும் நடுவே ஒரு எஃகு ஆப்பு இருக்கும். ரெகுலேட்டர் என்ற அந்த வேலைக்காரர் ரைஃபிளைத் தோளில் வைத்து, வலது இடது மாற்றிச் சுடுவார். தாளைப் பார்ப்பார். வாயைச் சூடாக்கி ஈயத்தை இளக்கி ஆப்பை ஒரு மயிரிழை உள்ளே தள்ளுவார் அல்லது வெளியே இழுப்பார். ஆற விட்டு மறுபடி சுடுவார். குண்டுகள் குறுக்கே போனால் ஆப்பு உள்ளே போக வேண்டும், விலகிப் போனால் வெளியே வர வேண்டும். லண்டன் பழைய கம்பெனிகளில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 1883இல் தி ஃபீல்ட் பத்திரிகை நடத்திய ரைஃபிள் போட்டியில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் எல்லாப் பிரிவிலும் முதலிடம் வாங்கியதும் இந்த வேலைப்பாட்டை வைத்துத்தான். அன்று அது கருமருந்துக் காலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, ரெகுலேட்டர் ஆப்பை நிறுத்தியது ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு: இந்த எடைக் குண்டு, இந்த வேகம். உங்கள் ரைஃபிளில் பொறித்திருப்பது 60 கிரெயின் (பழைய எடை அளவு) கார்டைட் என்ற அந்தக் கால வெடிமருந்தும் 400 கிரெயின் குண்டும். அது சோதனைச் சாலை போட்ட உச்ச அளவு முத்திரைதான், ரெகுலேஷன் சீட்டு அல்ல. ஆனாலும் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அந்தக் காலத் தோட்டாவின் வேகம் வினாடிக்கு 2100 அடியை ஒட்டி. ஹார்னடி தன் அட்டவணையில் இந்தத் தோட்டாவுக்குச் சொல்வதே 2050. அதுவும் அவர்களுடைய சோதனைக் குழலில். உங்கள் நூறு வயதுக் குழலில் இன்னும் குறையலாம்.

முதலில் ஒரு குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) கடன் வாங்குங்கள். எண்ணைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

#4 டார்வின் செல்வம்

நன்றி ராஜன் அண்ணா. கிளப்பில் ஒன்று இருக்கிறது. வார இறுதியில் பார்க்கிறேன்.

#5 திருச்சி இயக்கவியல்

நான் வேட்டைக்காரன் இல்லை, இயற்பியல் ஆசிரியன். துப்பாக்கியைத் தொட்டது என்.சி.சி.யில் மட்டும். ஆனால் இந்த இழை தூங்க விடவில்லை.

எல்லா இடத்திலும் சொல்லப்படும் விளக்கம் இது: “மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, அதனால் ரைஃபிள் அதிகம் திரும்புகிறது.” கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் இடிக்கிறது.

ரைஃபிள் வளையாத ஒரே கட்டை, தோளில் படாமல் அந்தரத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உந்தம் மாறாது. குண்டு முன்னே போகும் தூரத்துக்கும் ரைஃபிள் பின்னே வரும் தூரத்துக்கும் உள்ள விகிதம் எடைகளின் விகிதம் மட்டுமே. 400 கிரெயின் என்பது 26 கிராம். ரைஃபிள் நாலரைக் கிலோ. குண்டு குழலின் நீளத்தை ஓடி முடிக்கும்போது ரைஃபிள் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பின்வாங்கியிருக்கும். குண்டு வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அதே 4 மில்லிமீட்டர்தான். மெதுவான குண்டுக்கு அதிக நேரம் கிடைக்கிறது, உண்மை. ஆனால் அது கொடுக்கும் தள்ளலும் அதே அளவுக்குக் குறைவு. திருப்பத்துக்கும் இதே கணக்கு. ஓரத்தில் தள்ளப்பட்ட கதவு எவ்வளவு கோணம் திரும்பும் என்பது போலத்தான். வெளியேறும் நொடியில் இருக்கும் கோணம் குண்டின் எடை, குழலின் நீளம், குழல் நடுக்கோட்டிலிருந்து விலகிய தூரம், ரைஃபிளின் சுழல்தடை ஆகியவற்றைச் சார்ந்தது. அதில் வேகத்துக்கு இடமில்லை.

ஆக, நீங்கள் எல்லோரும் அனுபவத்தில் பார்க்கிற வேக வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

#6 போல்ட் பிரியன்

ஆசிரியர் ஐயா நிறுத்தினார் பாருங்க. பாப்கார்ன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாச்சு.

#7 ஜோபர்க் ராஜன்

நல்ல கேள்வி. கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் தாளில் வேகம் தெரிகிறது, அதிலும் சந்தேகம் இல்லை. ஒரே குண்டை 50, 60 அடி வேகம் கூட்டிக் குறைத்துச் சுட்டால் இரண்டு கூட்டமும் நெருங்குவதும் விலகுவதும் கண்ணுக்குத் தெரியும்.

#8 திருச்சி இயக்கவியல்

அப்படியென்றால் “வளையாத கட்டை” என்ற அனுமானம்தான் பொய். ரைஃபிள் வளைகிறது. 26 அங்குல நீளமான, வாய்ப்பக்கம் மெலிந்த இரண்டு குழாய்கள். உதை அடிப்பக்கத்தில் விழுகிறது. வாய்ப்பக்கம் உடனே கூட வராது, கொஞ்சம் பின்தங்கி வளைந்துதான் வரும். மரக்கட்டையின் பிடிப்பகுதியும் வளையும். தோள் பின்னாலிருந்து ஒரு பக்கமாகத் தாங்குகிறது. இந்த வளைவுகளுக்கெல்லாம் சொந்தமான கால அளவு உண்டு. குண்டுக்காக அவை காத்திருக்காது. குண்டு ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடிக்குள் வெளியேறிவிடுகிறது. அந்த வளைவு எந்தக் கட்டத்தில் இருக்கும்போது அது வெளியேறுகிறது என்பதுதான் வேகத்தைச் சார்ந்திருக்கும். அதாவது நேரம் பற்றிய விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அது திருப்பத்தைப் பற்றியதல்ல, வளைவைப் பற்றியது.

குண்டின் எடைக்கு இந்தச் சிக்கல் இல்லை. எடை கூடினால் திருப்பம் நேரடியாகக் கூடும். ஆக 400 கிரெயினுக்கு அமைத்த ரைஃபிளில் 350 கிரெயின் போட்டு வேகத்தை மட்டும் சமன்செய்தால் சரியாக வராது என்று என் கணக்கு சொல்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். மருந்தின் எடையும் கணக்கில் வரும், அதுவும் வாயுவாகி முன்னே போகிறதல்லவா?

#9 ஜோபர்க் ராஜன்

எடை பற்றிச் சொன்னது சரி. எடை குறைந்த குண்டைச் சரிக்கட்டச் சிலர் செய்கிற சித்து வேலைகள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதலில் அதே எடை, அப்புறம் அதே வேகம். இந்த வரிசைதான்.

மருந்தின் எடை பற்றியும் நீங்கள் தொட்ட இடம் முக்கியமானது. கார்டைட் என்பது நூலிழை போல நீளமாக உறைக்குள் அடுக்கப்பட்ட மருந்து. சிறிய அளவிலேயே நிறைய சக்தி. இன்றைய மெதுவாக எரியும் மருந்துகளில் அதே வேகம் வேண்டுமென்றால் 60 கிரெயின் போதாது, கூடுதலாகப் போட வேண்டும். அந்தக் கூடுதல் எடையும் உதையில் சேரும். அதனால் சிலர் வேகமாக எரியும் மருந்தைக் குறைவாகப் போட்டு, உறைக்குள் மிச்ச இடத்தை நுரைத்துண்டால் அடைத்து நிரப்புகிறார்கள். எது உங்கள் ரைஃபிளுக்குப் பிடிக்கிறது என்று அதுவேதான் சொல்ல வேண்டும். அளவுகளை நான் இங்கே எழுத மாட்டேன். அச்சிட்ட கையேட்டை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

#10 மெல்பன் குகன்

செல்வம், நானும் ஒரு .470 பாவிக்கிறன். எருமைக்குத்தான். இரண்டு விசயம் சொல்லவேணும்.

ஒன்று, நீங்கள் மேசையில வைச்சு எப்படிச் சுட்டனீங்கள்? துவக்கின் குழலை மணல் மூட்டைக்கு மேல நேரே கிடத்திச் சுட்டால் முடிவு பொய்தான் சொல்லும். குழல் மூட்டையில இடிச்சு மேல துள்ளும். உங்கட இடக்கை முன்கட்டையைப் பிடிச்சபடி இருக்கவேணும், மூட்டை கைக்குக் கீழ. அதைவிட நல்லது நின்றபடி ஒரு உயரமான தாங்கியிலயோ தடிகளிலயோ சாய்ஞ்சு சுடுறது. ரெகுலேட்டர் தோளில வைச்சுத்தான் அமைச்சவர். குனிஞ்சு மேசைக்கு மேல படுத்தால் உதை வேற மாதிரி வரும்.

இரண்டு, சூடு. வலக்குழலில தொடர்ந்து சுட்டு ஒரு கூட்டம் எடுத்து, பிறகு இடக்குழலில ஒரு கூட்டம் எடுத்தீங்கள் எண்டு விளங்குது. அப்படிச் செய்யக்கூடாது. இரண்டு குழலும் ஒன்றோட ஒன்று பற்றவைச்சது. ஒன்று மட்டும் சூடாகி நீண்டால் மற்றதை வளைச்சு இழுக்கும். குண்டு அடிக்கு அடி நகர்ந்து போகும். வலது, இடது, உடனடியா. துவக்கைத் திறந்து வைச்சு, கையால பிடிச்சால் குளிர்ந்திருக்கு எண்டு தெரியுமட்டும் காத்திருங்கோ. பிறகு அடுத்த சோடி. அலுப்பான வேலைதான். ஆனால் காட்டில நீங்கள் சுடப்போறது அந்த முதல் சோடிதான்.

இன்னுமொன்று, டார்வின் வெய்யிலில தோட்டாக்களை வண்டியின் முன்தட்டில வைச்சுப்போட்டுக் கொண்டுபோய்ச் சுடாதேங்கோ. மருந்து சூடானால் வேகம் ஏறும். குரோனோகிராஃப் எண்ணும் பொய்யாகும்.

#11 பட்டறை முருகேசன்

கோயம்புத்தூரில் டூல்ரூம் வைத்திருக்கிறேன். துப்பாக்கி வேலை செய்ததில்லை, ஆனால் ஈயப்பற்று நாற்பது வருடப் பழக்கம். அந்தப் பட்டறைக்காரர் சொன்ன வேலையைப் பற்றி ஒரு வார்த்தை.

63க்கு 37 வெள்ளீயம் காரீயம் கலந்த பற்று 183 டிகிரியில் உருகும். ஆப்பு இருக்கும் வாய்ப்பகுதியை மட்டும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவருவது ஒரு கலை. கொஞ்சம் அசந்தால் சூடு பின்னால் ஓடும். இரண்டு குழலையும் நெடுக இணைக்கும் மேல்பட்டை, கீழ்ப்பட்டை இரண்டும் அதே பற்றில் நிற்பவை. அது நடுவில் எங்காவது விட்டுவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. உள்ளே ஈரம் புகும், உப்பும் புகும், துரு பிடிக்கும். அப்புறம் முழுக் குழலையும் பிரித்துத் தகரம் பூசி மறுபடி கட்ட வேண்டும்.

அதோடு நிறம். சூடு பட்ட இடத்தில் குழலின் நீல நிறம் போய்விடும். அதை இன்று வழக்கமாகச் செய்யும் காரக் கொதிநீர்த் தொட்டியில் போட்டால் காரம் ஈயப்பற்றையே தின்றுவிடும். இப்படிப் பற்றவைத்த குழல்களுக்குப் பழைய முறையில் துருவேற்றித் துருவேற்றித் தேய்த்துத்தான் நிறம் வைக்க முடியும். உங்கள் ஆளிடம் “நிறம் எப்படி வைப்பீர்கள்” என்று மட்டும் கேளுங்கள். தொட்டி என்றால் ரைஃபிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

#12 உதகை பேரன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஹாலண்ட் .500/465 இரட்டைக்குழல் ஒன்று இருக்கிறது, உரிமத்தில். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. அலமாரியில் எண்ணெய் பூசி வைத்திருக்கிறோம். இது ஏன் 450, 500 என்று இல்லாமல் 465 என்று விசித்திரமான எண்ணில் இருக்கிறது? கூடவே பழைய கைனோக் தோட்டா ஒரு பெட்டி இருக்கிறது. ரைஃபிள் கிளப்பில் அனுமதி வாங்கி ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?

#13 ஜோபர்க் ராஜன்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். கைனோக் பெரிய தோட்டாக்களைச் செய்வதை 1960களிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று அதே பெயரில் வருவது பின்னாளில் வேறு ஆட்கள் மறுபடி தொடங்கியது. உங்கள் பெட்டி அறுபது வருடத்துக்கு மேல் நீலகிரி ஈரத்தைப் பார்த்திருக்கும். கேப்பு வெடிக்காமல் போகலாம், அதைவிட மோசமாகத் தாமதித்து வெடிக்கலாம். சத்தம் வரவில்லையே என்று ரைஃபிளைத் திறக்கும் நேரத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெட்டியை அப்படியே வைத்திருங்கள், சேகரிப்பவர்களுக்கு அதற்கு மதிப்புண்டு. உரிமத்தில் அந்தத் தோட்டாக்களுக்கும் கணக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

465 ஏன் என்பது உங்கள் நாட்டுக் கதைதான். 1898இல் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தார்கள், 480 கிரெயின் குண்டு, வேகம் 2150. யானைக்கும் காட்டெருமைக்கும் அதுவே வழக்கமானது. ஆனால் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு ஒரு பயம். பட்டாளத்திலிருந்து காணாமல் போன மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் .577/450. வேட்டைக்கு வரும் .450 பொருட்கள் அவற்றுக்குப் பயன்பட்டுவிடுமோ என்று 1907இல் அந்த விட்டத்தையே இந்தியாவுக்குள் தடை செய்துவிட்டார்கள், சூடானிலும் தடை. உடனே ஒவ்வொரு கம்பெனியும் .450ஐ விட ஒரு நூல் பெரிதாக ஆளுக்கொன்று செய்தது. ஹாலண்டின் .465, லாங்கின் .470, ஜெஃப்ரியின் .475 நம்பர் 2, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476. எல்லாமே ஏறத்தாழ ஒரே சக்தி. உங்கள் தாத்தாவின் ரைஃபிள் இந்தியச் சட்டத்துக்காகவே பிறந்த விட்டம்.

இன்னொன்றும் பாருங்கள். கார்டைட்டுக்கு வெயில் ஆகாது, சூட்டில் அழுத்தம் ஏறிவிடும். அதனால் இந்தியா, ஆப்பிரிக்காவுக்குப் போகும் ரைஃபிள்களுக்கு மருந்து குறைத்த வெப்பநாட்டுத் தோட்டாக்கள் தனியாக வந்தன. அவற்றை வைத்தே ரெகுலேஷன் செய்து அனுப்பிய ரைஃபிள்களும் உண்டு. பெட்டிக்குள் மூடியின் உட்புறம் கம்பெனியின் சீட்டு ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமல் படியுங்கள். எந்த மருந்து, எந்தக் குண்டு என்று அதில் எழுதியிருக்கும் வாய்ப்பு அதிகம். அது இல்லாவிட்டாலும் வரிசை எண்ணைக் கொடுத்தால் கம்பெனிப் பதிவேட்டில் தேடிச் சொல்வார்கள், கட்டணம் உண்டு.

#14 உதகை பேரன்

சீட்டு இருக்கிறது! பாதி எழுத்து பூச்சி அரித்திருக்கிறது. 480 என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. நன்றி சார். தோட்டாப் பெட்டியைத் தொடவில்லை.

#15 போல்ட் பிரியன்

எனக்கு ஒரு சந்தேகம். குழல்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை என்கிறீர்கள். 50 கெஜத்தில் இரண்டும் ஒன்று சேர்கிறது என்றால் 100, 150இல் குறுக்கே வெட்டி எங்கெங்கோ போகுமே? இதனால்தான் இரட்டைக்குழலை 80 கெஜத்துக்கு மேல் நம்பக்கூடாது என்று கேள்விப்பட்டேன்.

#16 திருச்சி இயக்கவியல்

குழல்கள் சாய்ந்திருக்கும் கோணம் வேறு, குண்டுகள் பறக்கும் கோணம் வேறு. முதலாவதை உதை தின்றுவிடுகிறது. மிச்சமிருப்பதுதான் இரண்டாவது. கணக்கு எளிது. வாயில் இரண்டு துளைகளின் நடுவுக்கும் இடைவெளி ஓர் அங்குலம் என்று வையுங்கள். 50 கெஜத்தில் இரண்டு கூட்டமும் மிகச் சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. அதே கோட்டில் போனால் 100 கெஜத்தில் ஓர் அங்குலம் குறுக்கே போயிருக்கும், 150இல் இரண்டு அங்குலம். இவ்வளவுதான்.

#17 ஜோபர்க் ராஜன்

அந்த ஓர் அங்குலமும் வேண்டாம் என்பவர்கள், இரண்டு கூட்டமும் குழல் இடைவெளி அளவுக்கே பக்கத்துப் பக்கத்தில் விழும்படி அமைப்பார்கள். வலது என்றும் வலப்பக்கமே, எந்தத் தூரத்திலும் வெட்டாது. என் பார்வையில் அதுதான் சரியான ரெகுலேஷன். ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் தாளுக்காகச் சுடுகிறார்கள்.

80 கெஜம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், திறந்த பார்வைக்குறியில், அடர்ந்த புதரில், காட்டெருமை, யானை மாதிரி விலங்கைச் சுடும் தூரமே அவ்வளவுதான். அது ரைஃபிளின் எல்லை அல்ல, கண்ணின் எல்லை. பெரிய விட்ட இரட்டைக்குழலில் இரண்டு குழலும் சேர்த்து நான்கு குண்டு 50 கெஜத்தில் இரண்டரை அங்குலத்துக்குள் விழுந்தால் நான் எதையும் தொட மாட்டேன். நல்ல போல்ட் ரைஃபிள் இதைவிடச் சின்னதாக அடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிரியன், இரண்டாவது குண்டுக்குக் கையை விசைப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இந்த வம்பையெல்லாம் விலைகொடுத்து வாங்குகிறோம். ஒன்று பழுதானாலும் இன்னொன்று வேலை செய்யும். குமாவுனில் ஜிம் கார்பெட் ஆட்கொல்லிகளின் பின்னால் போனபோது வைத்திருந்த இரட்டைக்குழலும் செல்வத்தினுடைய அதே .450/400தான், ஜெஃப்ரி செய்தது.

#18 போல்ட் பிரியன்

நம்ம பக்கத்து வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் லீவரை வைத்துக்கொண்டே காலம் தள்ளினாரே! சும்மா சொன்னேன். கணக்குப் புரிந்தது.

#19 டார்வின் செல்வம்

எண்கள் வந்துவிட்டன. ஹார்னடி என் ரைஃபிளில் சராசரி 1985 அடி. வலது இடது இரண்டுக்கும் வித்தியாசம் பத்து அடிக்குள்.

கிளப்பில் தோட்டா கட்டும் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு கையேட்டைப் பார்த்து அதே 400 கிரெயின் எடையில் வுட்லீ மென்முனைக் குண்டுடன் படிப்படியாக ஏற்றினோம். குகன் அண்ணை சொன்ன மாதிரி நின்றபடி, கை மூட்டைக்கு மேல், சோடி சோடியாக. 2040இல் இடைவெளி மூன்று அங்குலத்துக்கு வந்தது. 2090இல் ஒன்றேகால். உயரமும் இறங்கி வந்துவிட்டது. அதற்கு மேல் போகவில்லை, பெரியவர் விடவும் இல்லை.

இப்போது ஒரே குறை. இடக்குழல் வலக்குழலைவிட முக்கால் அங்குலம் மேலே அடிக்கிறது. ஒவ்வொரு சோடியிலும் அப்படியே. இதற்காவது ஆப்பைத் தொடலாமா?

#20 மெல்பன் குகன்

இடக்குழல் இரண்டாவதாத்தானே சுடுறீங்கள்? முன்விசை வலது, பின்விசை இடது. முதல் வெடிக்குப் பிறகு உங்கட பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும், கன்னம் கட்டையில இருந்து எழும்பியிருக்கும். இடக்குழலை முதலில சுட்டு, வலதை இரண்டாவதாச் சுட்டுப் பாருங்கோ. எது இரண்டாவதோ அது மேல போனால் துவக்கில குற்றம் இல்லை.

#21 பட்டறை முருகேசன்

பக்கவாட்டு வித்தியாசத்தை ஆப்பைத் தள்ளி இழுத்துச் சரிசெய்யலாம். மேல் கீழ் வித்தியாசம் என்றால் ஒரு குழலை மற்றதற்கு எதிராக முறுக்க வேண்டும். அதற்கு வாயில் மட்டும் இளக்கினால் போதாது, பட்டையையும் நெடுந்தூரம் கழற்ற வேண்டியிருக்கும். முக்கால் அங்குலத்துக்காக அதைச் செய்யச் சொல்கிறவர் உங்கள் நண்பர் இல்லை.

#22 ஜோபர்க் ராஜன்

முருகேசன் ஐயா சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒன்றேகால் அங்குலம் பக்கவாட்டில் என்பது உங்கள் குழல் இடைவெளிக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, அதாவது இணையாகச் சுடுகிறது. இனிமேல் வேகத்தை ஏற்றினால் வெட்டத் தொடங்கும்.

யாராவது “வாயை உள்ளே ஒரு பக்கமாகக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் குண்டு அந்தப் பக்கம் நகரும்” என்று சொன்னால் அந்த ஆளின் கடையில் தேநீர் கூடக் குடிக்காதீர்கள். மலிவு விலைப் புது ரைஃபிள்கள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்து அனுப்பியிருந்தார்கள், முறுக்குப் பள்ளம் ஒரு பக்கம் அரைக்கப்பட்டிருந்ததை வாங்கியவர்கள் வாயைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். அதுவும் ரெகுலேஷனாம்.

ஆப்பு வேலை உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. பற்று விட்டுப்போன குழல். குழலை வெட்டிக் குட்டையாக்கிய ரைஃபிள். யாரோ முன்பே கைவைத்துக் கெடுத்தது. தட்டினால் மணி மாதிரி ஒலிக்காமல் சலசலத்தால் பற்று விட்டிருக்கிறது. புதிய ஜெர்மன் ரைஃபிள்களில் கிரீகாஃப் போன்றவர்கள் வாயிலேயே மாற்றியமைக்கக்கூடிய ஆப்பு வைக்கிறார்கள், அதற்கு ஈயமும் வேண்டாம் சூடும் வேண்டாம். உங்களுடையது அந்த வகை அல்ல.

#23 டார்வின் செல்வம்

இடதை முதலில் சுட்டுப் பார்த்தேன். இப்போது வலது மேலே போகிறது. குகன் அண்ணைக்கு ஒரு பெரிய நன்றி.

கடைசியாக ஒன்று. எருமைக்குச் சிலர் முழுச் செம்பு, பித்தளைக் குண்டுதான் வேண்டும் என்கிறார்கள். அதே 400 கிரெயின், அதே வேகம். போடலாமா?

#24 ஜோபர்க் ராஜன்

எடை ஒன்றாக இருந்தாலும் அது நீளமான, கெட்டியான குண்டு. ஈய உள்ளீடு உள்ள குண்டு பள்ளத்துக்கு வழிவிடும், இது விடாது. பழைய ஆங்கிலேயக் குழல்கள் மெலிந்தவை. கெட்டிக் குண்டு தொடர்ந்து போனால் உள்ளே இருக்கும் பள்ளத்தின் வடிவம் குழலின் வெளிப்பரப்பிலேயே புடைத்துத் தெரிந்ததாகப் பழைய ரைஃபிள்களைப் பற்றிப் பேச்சு உண்டு. எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் நூறு வயதுக் குழலை வைத்து அந்த வழக்கைத் தீர்க்க நான் முன்வர மாட்டேன். உடம்பில் வளையம் வளையமாகப் பள்ளம் வெட்டிய செம்புக் குண்டுகள் அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் அவற்றுக்கு உங்கள் ரெகுலேஷனை முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் உங்கள் குழலின் உள் அளவை எடுங்கள். மென்மையான ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவி வாயிலிருந்து உள்ளே தள்ளி, மறுபக்கம் எடுத்து மைக்ரோமீட்டரில் பாருங்கள். இரண்டு குழலையும் தனித்தனியே. அந்தக் காலத்தில் .400 என்ற பெயரில் வந்த குழல்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை. வலதும் இடதும் கூட ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அளவு தெரியாமல் கெட்டிக் குண்டு வாங்காதீர்கள். எருமைக்கு இப்போது கட்டியிருக்கும் வுட்லீ தாராளமாகப் போதும்.

#25 டார்வின் செல்வம்

சரி அண்ணா. ஈயத்துண்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அளவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.